கவுண்டர் வரிசையும் தரவுத்தள இணைப்பும்: ரயில் முன்பதிவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் நெல்லை எக்ஸ்பிரஸில் படுக்கை வகுப்புக்கான தட்கல் முன்பதிவு, 2015 ஜூன் மாதத்திலிருந்து, பயணத்துக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத் தொடங்குகிறது. அந்த நிமிடத்தில் குவியும் கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு வழங்க எந்தத் தரவுத்தளத்தாலும் இயலாது. கவுண்டர் காலத்தில் இச்சிக்கல் எழவில்லை.

1980களின் நடுவில் தில்லியில் தொடங்கிய கணினிவழி முன்பதிவு ஐந்து மையங்களாக விரிந்தது. 1999இல் ‘கன்சர்ட்’ மென்பொருள் அவற்றை இணைத்தது. ஒரு நிலையத்தில் நான்கு கவுண்டர்கள் இருந்தால், ஒரே நேரத்தில் நான்கு கோரிக்கைகளே கணினியை எட்டும். வரிசை நிலையத்தின் தரையில் நின்றது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையவழி விற்பனையைத் தொடங்கியபோது அந்த இயல்பான வரம்பு மறைந்தது.

இணையத்தின் தொடக்கத்தில் வந்த சி.ஜி.ஐ. முறையில் (1993), கோரிக்கைதோறும் ஒரு நிரல் புதிதாக இயங்கி, இணைப்பைத் திறந்து மூடியது. கடவுச்சொல் சரிபார்ப்பு, நினைவக ஒதுக்கீடு ஆகியவை பல வேளைகளில் வினவலைவிட அதிக நேரம் எடுத்தன. இதற்கு மாற்றாகப் பி.எச்.பி. மொழியில் நிலைத்த இணைப்பு வந்தது. ஆனால் அப்பாச்சியின் ஒவ்வொரு செயல்முறையும் தனக்கென ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டது. அப்பாச்சியின் இயல்பு வரம்பு 256. மைஎஸ்கியூஎல்லின் இயல்பு வரம்பு 151. முரண் வெளிப்படையானது. முந்தைய பயனர் விட்டுச்சென்ற பூட்டும் முடிவுறாப் பரிவர்த்தனையும் அடுத்தவருக்குக் கைமாறியது அதனினும் பெருங்கேடு. 2009இல் வெளிவந்த பி.எச்.பி. 5.3, மைஎஸ்கியூஎல்ஐ நீட்சியில் இவற்றைத் துடைத்தபின்னரே இணைப்பை மறுபடி வழங்கியது.

இணைப்புத் தொகுப்பு என்பது ஒருவகையில் கவுண்டர்களை மீட்டமைத்ததே. சில இணைப்புகளைத் திறந்தே வைத்து, கேட்பவருக்கு இரவல் தந்து, பணி முடிந்ததும் திரும்பப் பெறும் முறை இது. ஸ்கைப் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளியான ‘பிஜிபவுன்சர்’ இவ்வகைப்பட்டது. ஆங்கிலப் பெயரை ஒட்டி இதனை ‘இணைப்புக் குளம்’ என்பது தாமிரபரணி வட்டாரத்தாருக்கு மயக்கம் தரும். பாளையங்கால்வாய் நிரப்பும் குளத்து நீர் வயலுக்குப் பாய்ந்தபின் மீள்வதில்லை. முறைவைத்துத் திறக்கப்படும் மடையே நெருங்கிய உவமை.

2014 ஏப்ரலில் முன்பதிவுத் தளத்தின் திறன் நிமிடத்துக்கு 2,000 பயணச்சீட்டுகளிலிருந்து 7,200 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது வினாடிக்கு 120. ஒரு பதிவு தரவுத்தளத்தைக் கால் வினாடி பிடிப்பதாகக் கொண்டால், அதற்கு 30 இணைப்புகளே போதும். தொகுப்பைப் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்னும் பரவலான எண்ணத்தை இக்கணக்கு மறுக்கிறது. மிகுதியான இணைப்புகள் ஒன்றன் பூட்டுக்காக மற்றொன்று காத்துக் கிடக்கும். காத்திருப்புக்குக் கால எல்லை வகுக்காவிடில், 11 மணிக்கு வந்த கோரிக்கை ரயிலில் இடம் தீர்ந்தபின்னும் வரிசையிலேயே நிற்கும்.