வெற்றியாளர் இல்லாத இறுதியாட்டம்

விளையாட்டுப் போட்டி ஒன்று முடிவுற்றதும் மண்டபத்தின் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. ஆட்டக்காரர் தம் மட்டைகளை உறையிலிட்டுக்கொண்டு செல்கின்றனர். ஆயினும் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. வாயிலிலும் வீதியிலும் தேநீர்க் கடையிலும் பார்வையாளர் அதனை மீண்டும் ஆடத் தொடங்குகின்றனர். மேசைப்பந்தாட்டத்தில் இவ்வகை விவாதத்துக்கு என்றும் குறைவில்லை. மேசையின் மேல்விளிம்பிற் பட்ட பந்து செல்லும். பக்கவாட்டிற் பட்ட பந்து செல்லாது. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு மயிரிழையளவே. அதனைக் கண்ணிமைக்கும் நேரத்திற் கண்டு தீர்ப்புக் கூறவேண்டியவர் நடுவர். அவர் கண்டது சரியா, தவறா என்பதை ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக எடுத்துரைப்பர்.

இத்தகைய விவாதங்களுட் பெரும்பாலானவை ஒரு கிழமைக்குள் ஓய்ந்துவிடும். அடுத்த போட்டி வந்ததும் பழைய குறை மறந்துபோகும். ஆனால், மேசைப்பந்தாட்டத்தின் வரலாற்றில் ஒரு தீர்ப்பு மட்டும் 64 ஆண்டுகள் திருத்தப்படாமற் கிடந்தது. அத்தீர்ப்பு பந்தைப் பற்றியதன்று, கடிகாரத்தைப் பற்றியது. 1937 ஆம் ஆண்டில் ஒஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவுக்கு அணித்தான பாடன் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியின் பெண்கள் இறுதியாட்டமே அது. அந்த ஆட்டத்தில் இருவர் ஆடினர். ஆனால் ஒருவரும் வெல்லவில்லை, ஒருவரும் தோற்கவில்லை.

இது நிகழ்ந்த வகையை அறிய அக்காலத்து ஆட்டமுறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் 1926 ஆம் ஆண்டிலே தோன்றியது. முதலாவது உலகப் போட்டியும் அவ்வாண்டிலேயே இலண்டனில் நடைபெற்றது. சம்மேளனத்தின் முதற்றலைவர் ஐவர் மொண்டேகு என்னும் ஆங்கிலேயர். பிரபுக் குடும்பத்திற் பிறந்து பொதுவுடைமைக் கொள்கையைத் தழுவிய அவர், திரைப்படத் துறையிலும் பெயர் பெற்றவர். 1967 ஆம் ஆண்டுவரை தலைமைப் பதவியை விடாது வகித்தவரும் அவரே. ஆண்கள் அணிகளுக்கு இன்றும் வழங்கப்படும் சுவேய்த்லிங் கிண்ணம் அவருடைய தாயார் அளித்த பரிசாகும்.

அந்நாளில் ஆட்டக்காரர் கையிலிருந்த மட்டை மரப்பலகையின்மேல் புள்ளிகள் எழுந்த இறப்பர்த் தாள் ஒட்டப்பட்டதாகும். பந்தை மின்னல்போற் பாயச் செய்யும் பஞ்சு இறப்பர் உலக அரங்கிற் புகுந்தது 1950களிலேதான். வலையின் உயரமோ 6¾ அங்குலம். மட்டை மெதுவானது; வலை உயர்ந்தது. ஆகவே ஓங்கி அடிப்பவன் தன் வலிமையை வீணே செலவிட்டான். அடிக்காது பந்தைப் பொறுமையாக மறுபுறம் தள்ளிக்கொண்டிருப்பவனே நன்மை அடைந்தான். எதிரி சலித்துப்போய்த் தவறு செய்யும்வரை காத்திருப்பதே சிறந்த தந்திரம் என்றாயிற்று. ஒருவர் காத்திருந்தால் ஆட்டம் ஒருவாறு நடக்கும். இருவரும் காத்திருந்தால் என் செய்வது?

அதற்கு விடை 1936 ஆம் ஆண்டு பிராக் நகரிற் கிடைத்தது. அங்கு நடைபெற்ற உலகப் போட்டியில் போலந்து நாட்டு ஏர்லிக் என்பாரும் ருமேனியா நாட்டுப் பனெத் என்பாரும் எதிரெதிரே நின்றனர். இருவரும் தற்காப்பு ஆட்டத்தில் வல்லவர். முதலாவது புள்ளிக்காக எழுந்த பந்து மேசையைவிட்டு இறங்கவில்லை. அரை மணி கழிந்தது. ஒரு மணி கழிந்தது. இரண்டு மணி நேரமும் கடந்தது. அதன் பின்னரே அந்த ஒரு புள்ளி தீர்ந்தது. பந்தை இடமும் வலமும் பார்த்துப் பார்த்து நடுவரின் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்றும், அவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்த வேண்டியதாயிற்று என்றும் மேசைப்பந்து உலகில் இன்றும் கூறுவர். அக்கதை எவ்வாறாயினும், ஒரு புள்ளிக்கு இரண்டு மணி நேரம் சென்றது என்பது விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதே போட்டியில் ஆண்கள் அணிகளின் இறுதியில் ஒஸ்திரியாவும் ருமேனியாவும் சந்தித்தபோதும் ஆட்டம் நாட்கணக்கில் நீண்டது.

சீட்டு வாங்கி வந்த பார்வையாளர் இதனை எத்துணை நேரம் பொறுப்பர்? மண்டபம் வெறுமையானால் விளையாட்டும் மங்கிப்போகும் என்ற அச்சம் சம்மேளனத்தைப் பற்றிக்கொண்டது. ஆகவே ஆட்டத்துக்கு நேர எல்லை வகுக்கப்பட்டது. குறித்த நேரத்துள் ஆட்டத்தை முடியாதவர்கள் அதன் விளைவை ஏற்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நோக்கம் நல்லதே. நோய் உண்மையானது, மருந்து வேண்டியதே. ஆனால் அம்மருந்து யாருடைய வாயில் வார்க்கப்படும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிராக் நகரிலே அவ்வாண்டு பெண்கள் பட்டத்தை வென்றவர் ரூத் ஆரன்ஸ் என்னும் அமெரிக்க இளம்பெண். ஜெர்மனியின் கிரெப்ஸ்பாக் என்பாரை இறுதியில் வென்று அவர் அப்பட்டத்தைப் பெற்றார். அவருக்கு முன்னரோ பின்னரோ அமெரிக்கர் எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், உலக ஒற்றையர் பட்டத்தை அடைந்ததில்லை. அடுத்த ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பதினெட்டு வயதினரான ஆரன்ஸ் தம் பட்டத்தைக் காப்பதற்காகப் பாடன் நகருக்கு வந்தார். அமெரிக்க அணிகள் அவ்வாண்டு ஆண்கள் கிண்ணத்தையும் பெண்கள் கிண்ணத்தையும் ஒருங்கே கைப்பற்றின. ஆரன்ஸ் ஒற்றையர் ஆட்டத்திலும் இறுதிவரை முன்னேறினார்.

அவரை எதிர்த்து நின்றவர் திரூடி பிரிட்ஸி. ஒஸ்திரியாவின் மகள். வயது பதினேழு. சொந்த நாட்டு மக்கள் சூழ்ந்திருக்க, உலகப் பட்டத்தை அவர் எட்டும் தூரத்திற் கண்டார். ஆண்கள் பட்டத்தை அவருடைய நாட்டவராகிய ரிச்சர்ட் பேர்க்மன் அதே போட்டியில் ஏர்லிக்கைத் தோற்கடித்துப் பெற்றார். ஆகவே ஒஸ்திரிய மக்களின் எதிர்பார்ப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்கியது. இருவரும் பிழைசெய்ய விரும்பாதவர். இருவரும் காத்திருக்கத் தெரிந்தவர். பட்டம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் உள்ளவிடத்துத் துணிந்து அடிப்பவர் யார்? பந்து வருவதும் போவதுமாக நேரம் ஓடியது. ஒரு மணி 45 நிமிடம் என்ற எல்லையும் கடந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. முன்னணியில் நின்றவருக்கு வெற்றி அளிக்கப்படவில்லை. மறுநாள் தொடருமாறும் பணிக்கப்படவில்லை. அவ்வாண்டுக்குரிய பெண்கள் பட்டம் எவருக்கும் இல்லை என்று தீர்க்கப்பட்டது. உலகச் சம்பியன்களின் வரிசையில் 1937 ஆம் ஆண்டுக்கு எதிரே வெற்றிடம் விடப்பட்டது.

இத்தீர்ப்பின் கடுமையை நன்கு கவனித்தல் வேண்டும். ஆரன்ஸ் ஒரு தடவையேனும் தோற்காமலே தம் பட்டத்தை இழந்தார். பிரிட்ஸியோ, தம்மை எவரும் வெல்லாதிருந்தும், இறுதியாட்டத்திலிருந்து வெறுங்கையுடன் திரும்பினார்.

இதனைப் பற்றி வாதிடுவோரை இரு சாராராகப் பிரிக்கலாம். விதி விதியே என்பர் ஒரு சாரார். நேர எல்லை இருவருக்கும் பொதுவானது. அதனை மீறியவர் இருவரும் தண்டனை பெற்றனர். ஒருவருக்கு இரங்கி மற்றவரைத் தண்டித்திருந்தாலன்றோ அது பாரபட்சமாகும்? மேலும், துணிந்து ஆடியிருந்தால் எவரேனும் வென்றிருக்கலாம். ஆடாதது அவர்கள் குற்றமே என்பது இவர்கள் வாதம். இதில் நியாயம் உண்டு. நடுவர் ஒருவர் விதியைத் தம் விருப்பப்படி வளைக்கத் தொடங்கினால், அடுத்த ஆட்டத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் காப்பு இராது.

மற்றச் சாராரோ வேறொரு வினாவை எழுப்புவர். இறுதியாட்டம் எதற்காக ஆடப்படுகின்றது? இருவருள் வல்லவர் யார் என்பதைக் காண்பதற்காக. அந்த வினாவுக்கு விடை காணாமலே ஆட்டத்தை முடித்துவைக்கும் விதி, விளையாட்டின் வேரையே வெட்டுகின்றது. நீதிமன்றத்திலே வழக்கு நீண்டுவிட்டதென்று வாதியையும் பிரதிவாதியையும் ஒருங்கே சிறையிலிட்டால் அதனை நீதி என்பார் உண்டா? வலை உயரமாக இருந்தது ஆட்டக்காரர் குற்றமா? மட்டை மெதுவாக இருந்தது அவர்கள் குற்றமா? பொறுமைக்குப் பரிசும் துணிவுக்குத் தண்டனையும் கிடைக்கும்படி ஆட்டத்தை அமைத்தோர், பொறுமையாக ஆடியவர்களைத் தண்டிப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்விரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், உண்மையில் அவை வெவ்வேறு பொருளைப் பற்றியன. முதல் வாதம் நடுவரைக் காக்கின்றது. இரண்டாவது வாதம் விதியைக் குறைகூறுகின்றது. பாடன் நகரில் விதியைச் செலுத்தியவரிடம் பிழையில்லை. பிழை விதியிலேயே இருந்தது. ஆர்வலர் பலர் இவ்வேறுபாட்டை மறந்து நடுவரையே பழிப்பர். கண்ணாற் கண்டதைக் கூறும் நடுவர் தவறினால் ஒரு புள்ளியே பிழையாகும். மேசையின் முன் அமர்ந்து விதி எழுதுவோர் தவறினால், நடுவர் எத்துணை நேர்மையாளராயினும் ஆட்டம் முழுவதும் பிழையாகிவிடும்.

சம்மேளனம் இதனை முற்றாக உணராமல் இருக்கவில்லை. 1937-38 பருவத்தில் வலையின் உயரம் 6¾ அங்குலத்திலிருந்து 6 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. முக்கால் அங்குலம் சிறிய அளவே. ஆயினும் அடித்தாடுவோருக்கு அது பெரிய வாயிலைத் திறந்துவிட்டது. பிற்காலத்தில் விரைவு முறை என்னும் ஏற்பாடும் வந்தது. இன்றைய விதியின்படி, ஒரு சுற்று பத்து நிமிடத்துள் முடியாவிடின், இருவரும் சேர்ந்து பதினெட்டுப் புள்ளிகளை எட்டியிருந்தாலன்றி, இம்முறை நடைமுறைக்கு வரும். அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் இருவரும் மாறிமாறிப் பந்தைத் தொடங்குவர். தொடங்கியவர் விரைந்து வெல்லுதல் வேண்டும். எதிரே நிற்பவர் பதின்மூன்று தடவை பந்தைச் செவ்வையாகத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே உரியதாகும். பழைய விதி ஆட்டத்தை நிறுத்தியது. புதிய விதி ஆட்டத்தை விரைவுபடுத்துகின்றது. எவ்வளவு நீண்டாலும் ஈற்றில் ஒருவர் வெல்வது உறுதி.

ஆனால் விதி திருந்தியபோதிலும் தீர்ப்புத் திருந்தவில்லை. ஆரன்ஸும் பிரிட்ஸியும் மீண்டும் ஓர் உலக இறுதியாட்டத்திற் சந்தித்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளவும் காலம் இடந்தரவில்லை. 1938 ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் நடைபெற்ற போட்டியில் பிரிட்ஸி உலகப் பட்டத்தை ஐயத்துக்கிடமின்றி வென்றார். இரண்டு மாதங்களுள் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது. தனிநாடு என்ற நிலையை ஒஸ்திரியா இழந்தது. அடுத்த ஆண்டில் பிரிட்ஸி ஜெர்மனியின் பெயரால் ஆடவேண்டியவரானார். யூதராகிய பேர்க்மன் இங்கிலாந்துக்குச் சென்று உயிர் தப்பினார். இரண்டு மணி நேரம் ஒரு புள்ளிக்காக நின்ற ஏர்லிக் நாசிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு, சாவின் வாயிலைக் கண்டு மீண்டார். இத்துணைப் பெரிய துன்பங்களுக்கிடையே ஒரு மேசைப்பந்துத் தீர்ப்பை எண்ணிப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

ஆரன்ஸ் அதன்பின் அரங்குகளிலும் கேளிக்கை மண்டபங்களிலும் மேசைப்பந்துக் காட்சிகள் நடத்திப் புகழ் பெற்றார். பின்னர் கலைஞர்களின் முகாமையாளராகப் பணியாற்றினார். பிரிட்ஸி போரின் பின்னர் மீண்டும் ஒஸ்திரியாவுக்காக ஆடினார். அவர் 1968 ஆம் ஆண்டிலும் ஆரன்ஸ் 1980 ஆம் ஆண்டிலும் காலமாயினர்.

2001 ஆம் ஆண்டிலே அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனம் பழைய ஏட்டைத் திறந்தது. 1937 ஆம் ஆண்டின் வெற்றிடத்தை நிரப்பி, ரூத் ஆரன்ஸும் திரூடி பிரிட்ஸியும் அவ்வாண்டின் இணைச் சம்பியன்கள் என அறிவித்தது. அதே ஆண்டில் ஒரு சுற்றுக்குரிய புள்ளிகளும் 21 இலிருந்து 11 ஆகக் குறைக்கப்பட்டன. பார்வையாளரைச் சலிப்படையச் செய்யலாகாது என்ற பழைய கவலை இன்னும் தீரவில்லை. ஆயினும் இம்முறை எவருடைய பட்டத்தையும் பறிக்காமலே அதற்கு வழி காணப்பட்டது.

இருவரும் மறைந்தபின் கிடைத்த நீதியினாற் பயன் என்ன என்று கேட்போர் உளர். கிண்ணத்தைக் கையில் ஏந்தும் மகிழ்ச்சி அவர்களுக்குக் கிட்டவில்லை என்பது உண்மையே. அந்த இழப்பை எந்த அறிவிப்பும் ஈடுசெய்யாது. எனினும் விளையாட்டு வரலாறு ஆட்டக்காரருக்கு மட்டும் உரியதன்று. பின்வருவோர் அந்த வரிசையைப் படிக்கும்போது, 1937 ஆம் ஆண்டில் ஆடத் தகுந்தவர் எவருமில்லை என்று எண்ணாமல், சமவலிமை படைத்த இரு இளம்பெண்கள் இறுதிவரை விட்டுக்கொடாது ஆடினர் என்று அறிவர். சம்மேளனம் தன் முன்னோரின் பிழையைத் தானே எடுத்துக்கூறித் திருத்தியது என்பதையும் அறிவர்.

வாயிலிலும் வீதியிலும் தேநீர்க் கடையிலும் ஆர்வலர் நிகழ்த்தும் வாதங்களை வீண்பேச்சு என்று தள்ளிவிடுதல் எளிது. அவற்றுட் பல வீண்பேச்சே. ஆனால், நடந்தது நியாயமா என்று கேட்கும் ஒருவரேனும் இல்லாதிருந்தால், அந்த வெற்றிடம் இன்றும் வெற்றிடமாகவே இருந்திருக்கும்.