ரயன்ஏர்

பயணிகளின் எண்ணிக்கையில் ஐரோப்பாவின் மிகப் பெரிய விமான நிறுவனம் ரயன்ஏர். அயர்லாந்தில் தொழிலதிபர் டோனி ரயன் குடும்பத்தின் முதலீட்டில் தொடங்கிய இது, 1985-ல் வாட்டர்ஃபோர்டிலிருந்து லண்டன் கேட்விக்குக்கு 15 இருக்கைகள் கொண்ட ஒரே விமானத்தை ஓட்டியது. மறு ஆண்டே டப்ளின்–லண்டன் தடத்தில் நுழைந்து, ஏர் லிங்கஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் வாங்கிய கட்டணத்தில் பாதிக்கும் குறைவாக, போய்வர 99 பவுண்டுக்குப் பயணச்சீட்டு விற்றது. கூட்டம் வந்தது, லாபம் வரவில்லை. 1990-க்குள் சுமார் 2 கோடி பவுண்டு நஷ்டம்.

ரயனின் கணக்குகளைப் பார்த்துவந்த மைக்கேல் ஓ'லியரி அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தை நேரில் பார்த்துவந்த பிறகுதான் வழி பிறந்தது. ஒரே ரக விமானம், இலவச உணவு கிடையாது, தரையிறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மீண்டும் கிளம்ப வேண்டும். தரையில் மிச்சமாகும் நேரத்தில் அதே விமானம் கூடுதல் நடை பறக்கும். 1994-ல் ஓ'லியரி தலைமை நிர்வாகியானார். 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் வான்வழிச் சந்தையை முழுமையாகத் திறந்துவிட்டது; அதே ஆண்டு நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது.

பெருநகர நிலையங்களைத் தவிர்த்து, ஆள் நடமாட்டம் குறைந்த சிறு நிலையங்களோடு பேரம் பேசியது அடுத்த உத்தி. ஃபிராங்க்ஃபர்ட்டின் பெயரில் விற்கப்பட்ட ஹான் நிலையம் அந்நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா தந்த சலுகைகளில் ஒரு பகுதி சட்டவிரோத அரசு உதவி என 2004-ல் ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்தது. 2008-ல் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

ஆனாலும் ரயன்ஏரின் ஆகப் பெரிய பலம் விமானம் வாங்கத் தேர்ந்தெடுக்கும் நேரம்தான். 2001 செப்டம்பர் தாக்குதலால் மற்றவர்கள் ஒடுங்கியிருந்தபோது, 2002 ஜனவரியில் 100 போயிங் 737-800 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கொரோனா காலமான 2020 டிசம்பரில் மேலும் 75 போயிங் 737 மேக்ஸ் விமானங்கள். வாங்க ஆளில்லாத சந்தையில் நல்ல விலை கிடைத்தது. குறைந்த கட்டணத்தைத் தாங்குவது அந்த விலையே.

இந்தச் சிக்கனத்துக்குப் பயணிகளும் ஊழியர்களும் விலை கொடுத்தார்கள். 2013-ல் லாபம் குறையுமென இருமுறை எச்சரித்த பிறகே நிர்வாகம் வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, இருக்கை எண்ணோடு பயணச்சீட்டு தரத் தொடங்கியது. 2017-ல் விமானிகளின் விடுப்புப் பட்டியல் குளறுபடியால் ஆயிரக்கணக்கான நடைகள் ரத்தாயின. அந்த டிசம்பரில்தான் தொழிற்சங்கங்களை அங்கீகரிக்க முதன்முறையாக ஒப்புக்கொண்டது. இவ்வளவு தாமதம் நியாயப்படுத்த முடியாதது.

ஏர் லிங்கஸை வாங்க மூன்று முறை முயன்று தோற்று, 2015-ல் அதில் தான் வைத்திருந்த பங்கை பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய்க் குழுமத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 20 கோடிப் பயணிகளை ஏற்றிச்சென்றது. ஏறக்குறைய முழுக்க போயிங்கையே நம்பியிருப்பதால், அங்கு விமானத் தயாரிப்பு தாமதமாகும்போதெல்லாம் இதன் வளர்ச்சியும் தடைபடுகிறது. 2023-ல் பேசிமுடித்த 300 மேக்ஸ்-10 விமானங்கள் (150 உறுதியான ஆர்டர், 150 விருப்பத் தேர்வு) 2027 முதல் வரவேண்டும் என்பது ஒப்பந்தம்.