அமெச்சூர் என்னும் வேலி: டென்னிஸ் வரலாற்றில் ஒரு சொல்

இன்றைய டென்னிசில் ‘அமெச்சூர்’ என்ற சொல் திறன் குறைந்தவரை, ஓய்வுநேரத்தில் ஆடுபவரைக் குறிக்கிறது. 1968 வரை அதற்கு இப்பொருள் இல்லை. விம்பிள்டனில் வென்றவரும் அன்று அமெச்சூரே. ‘விரும்பு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல், விளையாட்டு விதிகளுக்குள் நுழைந்தபோது ‘ஊதியம் பெறாதவர்’ என்று பொருள் சுருங்கியது. அச்சுருக்கத்தில் ஒரு வர்க்க எல்லை ஒளிந்திருந்தது.

தமிழ் நாடக வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் அமெச்சூர்களாக நடித்தனர். நடிப்பால் பிழைத்தவரோ ‘கூத்தாடி’ எனப்பட்டனர். இருவரையும் பிரித்தது கலைத்திறன் அன்று, கூலியே.

டென்னிசிலும் அவ்வாறே. பரிசுப்பணம் பெற்றவர் மட்டுமல்லர், பணம் பெற்று ஆட்டம் கற்பித்தவரும் தொழில்முறையாளராகக் கருதப்பட்டு, பெரும் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார்.

இவ்விதி யாரைத் தொட்டது என்பதைப் பெங்களூரில் காணலாம். 1809இல் அமைந்த கண்டோன்மென்டிற்கு மதராஸ் படையோடு சிப்பாய்களும் வணிகர்களும் கட்டடத் தொழிலாளரும் பணியாளருமாகத் தமிழர் வந்தனர். பழைய பிளாக்பள்ளியே இன்றைய சிவாஜிநகர். அங்குள்ள தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அப்படைமுகாம் இன்றும் நிற்கிறது. 1874இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற புல்தரை டென்னிஸ், கண்டோன்மென்ட்டுகளின் வழியாகவும் கிளப்புகளின் வழியாகவும் இந்தியாவில் பரவியது. உறுப்பினர் ஆடினர், தரையைச் செப்பனிடவும் பந்து பொறுக்கவும் பணியாளர் இருந்தனர். அவர்களுள் ஆட்டம் கைவந்தவர் ‘மார்க்கர்’ ஆனார். உறுப்பினருக்கு எதிர்நின்று பந்தடித்துப் பழக்குவது அவர் வேலை. நாள்தோறும் ஆடியவர் அவர். ஆயினும் அதற்குச் சம்பளம் பெற்றதால் அமெச்சூர் போட்டியில் அவருக்கு இடமில்லை.

இது காலனி நாட்டிற்கு மட்டும் உரிய அநீதி அன்று. இலண்டன் குயின்ஸ் கிளப்பில் பந்து பொறுக்கும் சிறுவனாகத் தொடங்கிய டான் மாஸ்கெல், 1929 முதல் விம்பிள்டனை நடத்தும் கிளப்பிலேயே பயிற்சியாளராக இருந்தார். பிரிட்டனின் தொழில்முறைப் போட்டிகளில் பன்முறை வென்ற அவர், விம்பிள்டனில் ஒருமுறையும் ஆட இயலவில்லை.

வேலியின் மறுபுறம் நின்றவர் ராமநாதன் கிருஷ்ணன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்து, தந்தை டி. கே. ராமநாதனிடம் பயின்று, 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற முதல் ஆசியர். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒற்றையர் அரையிறுதியை எட்டினார். முறையே நீல் ஃப்ரேசரிடமும் ராட் லேவரிடமும் தோற்றார். இருவரும் அவ்வாண்டுகளில் பட்டம் வென்றவர்கள். தொழில்முறைக் குழு நடத்திய ஜாக் கிராமர் பெருந்தொகை காட்டி அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார். ஏற்றிருந்தால் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆட முடியாது. 1966இல் இந்தியா முதன்முறையாக அதன் இறுதிச்சுற்றை எட்டியபோது அவர் அணியில் இருந்திருக்க மாட்டார்.

அமெச்சூருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் அனுமதிக்கப்பட்டன. ‘செலவு’ என்ற பெயரில் நட்சத்திர வீரர்களுக்கு மறைவாகப் பணம் கைமாறியதும் பரவலாக அறியப்பட்டதே. மட்டையும் பந்தும் செய்த நிறுவனங்கள் வீரர்களுக்குப் பெயரளவில் வேலை தந்தன. ஆக, விதி பணத்தைத் தடுக்கவில்லை. வெளிப்படையாகப் பெறுவதையே தடுத்தது. மறைவாகப் பெறும் வசதி மார்க்கருக்கு இல்லை.

1960இல் பாரிசில் கூடிய பன்னாட்டுச் சம்மேளனத்தில், இரு தரப்பாரும் ஆடும் திறந்த போட்டிக்கான தீர்மானம் ஐந்து வாக்குகள் குறைவால் தோற்றது. 1967 இறுதியில் பிரிட்டிஷ் சங்கம் தானாகவே வேறுபாட்டை நீக்க முடிவெடுத்தது. 1968 மார்ச்சில் சம்மேளனமும் இணங்கியது. ஏப்ரலில் போர்ன்மவுத்தில் முதல் திறந்த போட்டி நடந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 31.

இவ்வேலி தரவரிசையையும் வடிவமைத்தது. கணினித் தரவரிசை 1973 ஆகஸ்டில்தான் வந்தது. அதற்கு முன் ‘உலகத் தரவரிசை’ எனப்பட்டவை பெரும்பாலும் பத்திரிகையாளர் தம் மதிப்பீட்டில் தொகுத்த ஆண்டிறுதிப் பட்டியல்கள். 1959இல் கிருஷ்ணனை மூன்றாமிடத்தில் வைத்த பட்டியலும் அமெச்சூர்களுக்கு மட்டுமே உரியது. அக்காலத் தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த பாஞ்சோ கொன்சாலசின் பெயர் அதில் இராது. இது கிருஷ்ணனின் பெருமையைக் குறைக்காது. ஆனால் இன்றைய தரவரிசையோடு அதை ஒப்பிடுவோர், அது யாரை எண்ணியது, யாரை எண்ணவில்லை என்பதை முதலில் கேட்கவேண்டும்.

இந்திய டென்னிஸ் வரலாறு இதுவரை பட்டங்களையும் பட்டியல்களையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மார்க்கர்களின் பெயர் போட்டி அட்டவணைகளில் கிடைக்காது. கிளப்புகளின் சம்பளப் பேரேடுகளிலும், சிவாஜிநகர் போன்ற குடியிருப்புகளின் குடும்ப நினைவுகளிலும்தான் அவற்றைத் தேடவேண்டும். நினைவுடையோர் இருக்கும்போதே தேடவேண்டும்.