நான்கு மூலைகளில் ஒரு தத்துவம்

சியோல் நகரின் வடமேற்கே, புக்கான்சான் மலையடிவாரத்தில் சின்க்வான்சா என்னும் பழைய பௌத்த மடம் இருக்கிறது. 2009-இல் அங்கே ஒரு சிறு சன்னிதியைச் செப்பனிடப் பிரித்தபோது துணி மூட்டை ஒன்று கிடைத்தது. உள்ளே 1919-ஆம் ஆண்டின் விடுதலைப் போராட்ட இதழ்கள். அவற்றைப் பொதிந்திருந்த துணியோ ஒரு கொடி! ஜப்பானியக் கொடியின் சிவப்பு வட்டத்தின் மீதே மை பூசி, அதைக் கொரியக் கொடியாகிய தேகுக்கியின் நடுவட்டமாக்கியிருந்தார்கள். ஜப்பானிய ஆட்சியில் தேகுக்கியை ஏந்துவதே குற்றமாயிருந்த காலம் அது.

தேகுக்கியின் வெள்ளைப் பரப்பு தூய்மையையும் அமைதியையும் குறிக்கிறது. வெண்ணிற ஆடையை விரும்பி உடுத்திய மக்களுக்கு அது இயல்பான தேர்வு. நடுவட்டத்தில் மேலே சிவப்பு யாங், கீழே நீல யின்: ஒன்றையொன்று நிறைக்கும் எதிரெதிர் ஆற்றல்கள். இரண்டையும் நேர்கோடு பிரிக்கவில்லை; ஓர் அலை வளைந்து செல்கிறது. ஒன்று தேயுமிடத்தில் மற்றது வளர்கிறது. இந்த வடிவம் கொரியாவுக்குப் புதிதன்று. 682-இல் பழைய கொரிய நாடான சில்லாவின் அரசர் கட்டி முடித்த காமுன்சா கோயிலின் கற்களிலேயே இதைச் செதுக்கியிருக்கிறார்கள்.

கொடியின் ஆழம் மூலைகளில்தான் இருக்கிறது. சீனத் தொல்நூலான யீ சிங் எட்டுக் கோட்டுருக்களைச் சொல்கிறது. அவற்றில் நான்கு இங்கே. முழுக்கோடு யாங், முறிந்த கோடு யின். இடப்பக்க மேல் மூலையில் மூன்று முழுக்கோடுகள்: வானம். எதிர்மூலையில் மூன்றும் முறிந்தவை: நிலம். வலப்பக்கம் மேலே நீர், அதற்கெதிராக இடப்பக்கம் கீழே நெருப்பு. கோட்டுத் துண்டுகளை எண்ணினால் வானத்துக்கு 3, நெருப்புக்கு 4, நீருக்கு 5, நிலத்துக்கு 6. எந்த மூலைவிட்டத்தைக் கூட்டினாலும் 9 வரும்.

சீன யின்-யாங் வட்டத்தில் ஒவ்வொரு பாதிக்குள்ளும் எதிர்நிறப் புள்ளி ஒன்று உண்டு. தேகுக்கியின் வட்டத்தில் அது இல்லை. ஆனால் நீரின் உருவைப் பாருங்கள்: முறிந்த இரு கோடுகளுக்கு நடுவே ஒரு முழுக்கோடு. நெருப்பில் முழுக்கோடுகளுக்கு நடுவே ஒரு முறிந்த கோடு. ஒவ்வொன்றும் தன் எதிரியின் விதையை நெஞ்சுக்குள் சுமக்கிறது. வட்டம் சொல்லாமல் விட்டதை மூலைகள் சொல்கின்றன என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இத்தனை பழைய தத்துவத்தைத் தாங்கியும் கொடி வயதில் இளையதே. அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்யத் தொடங்கியபோதுதான் கொரியாவுக்குக் கொடி தேவைப்பட்டது. 1882 செப்டம்பரில் தூதர் பாக் யோங்ஹ்யோ ஜப்பானுக்குச் செல்லும் மெய்ஜி மாரு கப்பலில் இதை வரைவித்து, கோபே நகரில் தாம் தங்கிய விடுதியில் ஏற்றினார். மறு ஆண்டு அரசர் கோஜோங் இதையே நாட்டுக்கொடியாக அறிவித்தார். ஆனால் அளவுகளை யாரும் வரையறுக்கவில்லை. கோஜோங்கின் அமெரிக்க ஆலோசகர் ஓவன் டென்னி தாயகம் கொண்டுபோனதும் 1981-இல் கொரியாவுக்குத் திரும்பிவந்ததுமான கொடியில் கோட்டுருக்கள் நீலநிறத்தில் இருக்கின்றன.

1948 வரை வடக்கிலும் இதே கொடிதான் பறந்தது; அவ்வாண்டு வட கொரியா வேறு கொடிக்கு மாறியது. தெற்கே 1949 அக்டோபர் 15 அன்று முறையான வடிவமைப்பை அரசு அறிவித்தது. நீளமும் உயரமும் 3:2, வட்டத்தின் விட்டம் உயரத்தில் பாதி. கைக்குக் கை மாறிவந்த கோட்டுருக்களின் இடமும் அப்போதுதான் நிலைபெற்றது.