ஷெஃபீல்டு பார்க்: சட்டப் பிரிவு ஒன்று காத்த நிலையம்

இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் இருக்கும் ஷெஃபீல்டு பார்க் ரயில் நிலையத்துக்கு ஊர் என்று ஒன்று அமையவே இல்லை. அருகில் இருந்தவை ஷெஃபீல்டு பிரபுவின் மாளிகையும் தோட்டமும்தான். ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டின் ‘ஷெஃபீல்டு ஷீல்டு’ கேடயத்துக்குப் பணம் கொடுத்தவர் இவரே. இவரும் அக்கம்பக்கத்து நிலக்கிழார்களும் முன்னின்று கொண்டுவந்த இருப்புப்பாதை 1882 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பண்ணைகளை நம்பிப் போட்ட பாதையில் கூட்டம் சேராததில் வியப்பில்லை. 1955 மே மாதம் பிரிட்டிஷ் ரயில்வே அதை மூடியது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் செய்லி என்ற சிற்றூரில் வாழ்ந்த மேட்ஜ் பெஸ்ஸெமர் அம்மையார், அந்தப் பாதைக்கான 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார். தினமும் நான்கு ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நிலக்கிழார்கள் தங்கள் வசதிக்காகக் கேட்டு வாங்கிய பிரிவு எண்பது ஆண்டுகள் கழித்துப் பொதுமக்களுக்குக் கைகொடுத்தது! நிர்வாகம் 1956 ஆகஸ்ட் 7 அன்று வேண்டாவெறுப்பாக ரயிலை விட்டது. ஒற்றைப் பெட்டி, யாருக்கும் உதவாத நேரம். சட்டத்தில் பெயர் இல்லாத பார்கம் நிலையத்தில் வண்டி நிற்கவே இல்லை. ‘சிடுமூஞ்சி ரயில்’ என்று ஊரார் அதைக் கேலி செய்தார்கள். பிறகு நாடாளுமன்றமே அந்தப் பிரிவை நீக்க, 1958 மார்ச்சில் பாதை மறுபடி மூடப்பட்டது.

என் கணிப்பில், இந்த இழுபறிதான் நிலையத்தைக் காப்பாற்றியது. வழக்கு வம்பு என்று பேச்சு அடங்காமல் இருந்ததால், 1959இல் பாதையைக் காக்கச் சில மாணவர்கள் கூட்டம் போட்டபோது ஆதரவு திரண்டது. 1875இல் கட்டப்பட்ட ‘ஸ்டெப்னி’ என்ற சிறிய நீராவி எஞ்சினை இரண்டு பெட்டிகளோடு 750 பவுண்டுக்கு வாங்கினார்கள். 1960 ஆகஸ்ட் 7 அன்று, அதாவது சிடுமூஞ்சி ரயில் கிளம்பிய அதே தேதியில், அவர்களது புளூபெல் ரயில்வே ஓடத் தொடங்கியது. மறுமுனையில் எஞ்சினைச் சுற்றிக்கொண்டு வர வழி இல்லை. ஆகவே ரயிலின் இரு முனைகளிலும் ஒவ்வோர் எஞ்சின்.

வடக்கே பாதையை நீட்டத்தான் பெரும்பாடு. இம்பர்ஹார்ன் என்ற இடத்தில் தண்டவாளம் போன பள்ளம் முழுவதும் ஊர்க் குப்பையால் தூர்ந்திருந்தது. அதை வாரி ரயிலிலேயே ஏற்றி அனுப்பிய பிறகே, 2013 மார்ச்சில் கிழக்கு கிரின்ஸ்டெட்டை எட்ட முடிந்தது.

லண்டனிலிருந்து மின்ரயிலில் அங்கே இறங்குபவர் நீராவி ரயிலுக்கு மாறி, சுமார் 11 மைல் பயணத்தில் 1880களின் தோற்றத்தோடு நிற்கும் ஷெஃபீல்டு பார்க்கை அடையலாம். அதற்குத் தெற்கே லூயிஸ் வரை சென்ற தண்டவாளங்கள் மட்டும் திரும்ப வரவில்லை.