திங்களும் அதன் கிழமையும்

காலத்தை அளந்தறிய மனிதன் முதன்முதலிற் கைக்கொண்ட கருவிகளுள் திங்களும் ஒன்றாகும். ஞாயிற்றின் எழுச்சியும் மறைவும் ஒருநாளை வரையறுத்தன. ஆயின், நாட்களைத் தொகுத்தெண்ணுதற்குத் தேய்ந்தும் வளர்ந்தும் வரும் திங்களே துணைநின்றது. இதனாலேயே மொழிகள் பலவற்றில் நிலாவைக் குறிக்கும் சொல்லும் மாதத்தைக் குறிக்கும் சொல்லும் உறவுடையனவாய்க் காணப்படுகின்றன. வடமொழியில் ‘மாஸ்’ என்பது இவ்விரண்டையும் குறிக்கும்; தமிழில் வழங்கும் ‘மாதம்’ அதன்வழி வந்ததே. ஆங்கிலத்தின் ‘மூன்’, ‘மன்த்’ என்பனவும் ஒருவேரிற் பிறந்தவை. தமிழின் ‘திங்கள்’ என்னும் சொல்லோ நிலா, மாதம், வாரத்தின் ஒருநாள் ஆகிய மூன்று பொருள்களைத் தன்னுள் அடக்கிநிற்கின்றது. இப்பொருள்கள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு சமுதாயம் காலத்தை வகுத்துக்கொண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை மாத்தளைப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அலுவிகாரைக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் பலாபத்வல. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், வாய்மொழியாகப் பேணப்பட்டுவந்த பாளித் திரிபிடகம் அலுவிகாரையிலே ஏட்டில் எழுதப்பெற்றதென்பது பௌத்த மரபு. 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த வடபாதையும் இதுவே. மாத்தளை நகரில் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது அம்மக்களின் வருகையைத் தொடர்ந்தேயாகும். சிங்களவரும் தமிழரும் முசுலிம்களும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தில் வானிலுள்ள திங்கள் ஒன்றாயினும் அதனைக் கொண்டு எண்ணும் முறைகள் பலவாகும்.

முதலிற் சொல்லின் பழமையை நோக்கலாம். மாதப் பெயர்களின் புணர்ச்சியைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் மாதத்தைத் ‘திங்கள்’ என்றே வழங்குகின்றது. பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் இடம்பெறும் செய்யுளில் ‘திங்கள்’ என்பது மாதத்தைச் சுட்ட, வானத்து ஒளி ‘நிலவு’ என்னும் வேறு சொல்லாற் கூறப்படுகின்றது. தந்தையும் நாடும் இருந்த மாதத்தையும் இரண்டையும் இழந்த மாதத்தையும் ஒப்புநோக்கும் அம்மகளிர்க்கு மாறாதிருப்பது நிலவு, மாறிப்போனது காலம். சிலப்பதிகாரமோ தொடக்கத்திலேயே திங்களை வானத்துப் பொருளாகப் போற்றிச் சோழனின் வெண்குடைக்கு ஒப்பிடுகின்றது. எனவே நிலா, மாதம் என்னும் இருபொருளும் பண்டைத் தமிழில் ஒருங்கே வேரூன்றியிருந்தமை தெளிவு.

வாரநாளைக் குறிக்கும் மூன்றாவது பொருள் கோள்களின் பெயரால் நாட்களை அழைக்கும் மரபோடு சேர்ந்தது. சிங்களத்தில் ‘சந்துதா’ என்பதும் ஆங்கிலத்தில் ‘மண்டே’ என்பதும் நிலாவின் நாள் என்றே பொருள்படும். தமிழில் மட்டும் ‘திங்கட்கிழமை’ என்பர். கிழமை என்பது உரிமை. கிழவன், கிழத்தி என்னும் சொற்களிலும் அவ்வேரைக் காணலாம். எனவே திங்கட்கிழமை என்பது திங்களுக்கு உரிமையான நாள் ஆகின்றது. காலத்தின் ஒரு கூறு யாருக்கு உரியது என்னும் வினா இச்சொல்லிலேயே பொதிந்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

இனி வழக்காறுகளை நோக்குவோமாயின், ஒவ்வொரு சமூகமும் திங்களின் வெவ்வேறு நிலையைத் தனக்குரியதாகக் கொண்டமை புலனாகும். முசுலிம்களுக்கு மாதத்தைத் தொடக்கிவைப்பது பிறை. மேற்கு வானிற் தலைப்பிறை கண்ட மாலையிலேயே புதிய மாதம் பிறக்கின்றது. இலங்கையில் நோன்பையும் பெருநாளையும் உறுதிசெய்யும் பிறை மாநாடு கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலே கூடுகின்றது. பன்னிரு பிறை மாதங்கள் சேர்ந்த ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களே உடையதாதலின், நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னகர்ந்து பருவங்கள் யாவற்றையும் சுற்றிவருகின்றது.

பௌத்தர்க்கு முதன்மையானது முழுநிலா. ‘போயா’ என்னும் சிங்களச் சொல் பாளியின் ‘உபோசத’ என்பதன் திரிபு. நோன்புநாள் என்பதே அதன் கருத்து. அரச வழக்கில் இதற்கு அமைந்த ‘நோன்மதி’ என்னும் தமிழ்ச்சொல், நோன்பையும் மதியையும் இணைத்து, மூலச்சொல்லில் வெளிப்படாத நிலாவையும் சேர்த்துரைக்கின்றது. மொழிபெயர்ப்புத் தேவையாற் பிறந்த சொற்களுள் இத்துணைச் செறிவுடையன சிலவே. தமிழ்ச் சைவர்க்கோ பூரணையும் அமாவாசையும் ஒருங்கே உரியன. ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோரும், சித்திராப் பூரணையில் தாயை இழந்தோரும் விரதம் காக்கின்றனர். ஞாயிறும் திங்களும் ‘ஒருங்கு உறைதல்’ என்பதே அமாவாசை என்னும் சொல்லின் பொருளாகும்.

வேறுபாடுகள் இவ்வாறிருப்பினும் மாதப் பெயர்கள் ஓர் ஒற்றுமையைக் காட்டுகின்றன. முழுமதி எந்த விண்மீனுக்கு அண்மையில் நிற்கின்றதோ அதன் பெயரே பெரும்பாலும் மாதத்திற்கு வந்தது. விசாக மீனாற் பெயர்பெற்றதே தமிழரின் வைகாசி. சிங்களவரின் வெசாக்கும் அதுவே. ஆடியும் எசலவும் ‘ஆஷாட’ என்னும் ஒரே சொல்லின் இருவேறு வடிவங்கள். தமிழ் மாதம் ஞாயிற்றின் செலவைப் பின்பற்றி அமைந்த பின்னரும் அதன் பெயரில் மட்டும் திங்கள் நிலைத்துவிட்டது. மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகையில், அந்நாட்களின் முழுமதியே விகாரைகளில் நோன்மதியாகவும் அனுட்டிக்கப்படுகின்றது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் இக்கோயில் தாக்குதலுக்குள்ளாயிற்று. எனினும் பின்னர் தேர்விழா மீண்டும் நிலைபெற்றது.

திங்களுக்கு நிலைபேறு என்னும் பொருளும் உண்டு. கோயிலுக்கு நிலமளித்த மன்னர்கள் அவ்வறம் ‘சந்திராதித்தவரை’, அதாவது நிலவும் ஞாயிறும் உள்ளளவும், நிலைக்குமெனச் சாசனங்களிற் பொறித்தனர். சிங்களத் தூண் சாசனங்களிலும் ஞாயிறும் திங்களும் உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இந்நிலைபேற்றிற்கு நேர்மாறானது தோட்டத் தொழிலாளரின் ‘மாதம்’. பிரட்டுக்களத்தில் நாளுக்கு ஒரு பேராகச் செக்ரோலிற் பதியப்பட்டு, மாத முடிவிற் கூட்டப்பட்டுச் சம்பளமாகும் அம்மாதத்திற்கும் வானத்து நிலவுக்கும் தொடர்பேதும் இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. தலைமுறைகளாக உழைத்தும் ‘நிலவுள்ளளவும்’ என்னும் உறுதி அவர்களுக்கு வழங்கப்படவில்லை. திங்கள் என்னும் ஒரே சொல் ஆட்சியாளரிடத்து நிலையுரிமையாகவும் உழைப்பாளியிடத்து நாட்கணக்காகவும் நின்றமை சிந்தித்தற்குரியது.

இவ்வரலாற்றில் தனித்து ஆராயத்தக்கது 1966ஆம் ஆண்டு தொடங்கிய மாற்றமாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் ஞாயிறே ஓய்வுநாளாயிற்று. 1885இல் வெசாக் பூரணை பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டபோதும், ஏனைய போயா நாட்களிற் பணியிலிருந்த பௌத்தர் விகாரைக்குச் சென்று சீலம் காத்தல் அரிதாகவே இருந்தது. இக்குறையைப் போக்கும் வகையில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, திங்களின் நான்கு கால்நிலைகளிலும் வரும் போயா நாட்களை வாராந்த விடுமுறைகளாக்கியது. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறையாயிற்று.

நோக்கம் நியாயமானதாயினும் கணிதம் ஒத்துவரவில்லை. ஒரு பூரணைக்கும் அடுத்த பூரணைக்கும் இடைப்பட்ட காலம் சராசரியாக 29.53 நாட்கள்; அதன் காற்பங்கு 7.38 நாட்கள். எனவே வாரம் சிலவேளை ஏழு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் அமைந்தது. விடுமுறை ஒருமுறை செவ்வாயில் வந்தால் பின்னர் புதனுக்கு நகர்ந்தது. திங்கட்கிழமை வேலைவாரத்தின் முதல்நாள் என்னும் பொருளை இழந்தது. திங்களை அரியணை ஏற்றிய ஏற்பாடு திங்கட்கிழமையையே இடம்பெயர்த்தமை விந்தையேயாகும். கிறித்தவர்க்கு வழிபாட்டு நாள் வேலைநாளாயிற்று. ஏழுநாள் வாரத்தைப் பின்பற்றும் பிறநாடுகளுடன் நடைபெற்ற வணிகமும் இடர்ப்பட்டது. 1971இல் ஞாயிறு விடுமுறை மீண்டது. முழுமதிப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது. மதத்தால் எவராயினும் பூரணைதோறும் ஓய்வுபெறும் இன்றைய முறை இவ்வாறு உருவானதேயாகும்.

இதுகாறும் கூறியவற்றால் திங்கள் என்னும் சொல்லின் பொருள்கள் ஒன்றையொன்று அழித்து வளர்ந்தவையல்ல என்பது பெறப்படும். மாதம் என்னும் பொருள் வந்ததனால் நிலா மறையவில்லை. கிழமை வந்ததனால் மாதம் ஒழியவில்லை. மொழி இயல்பாகச் செய்த இப்பணியைச் சட்டம் செய்யப்புகுந்தபோது ஓர் அளவையே யாவர்க்கும் உரியதென விதித்தது. ஐந்தாண்டு கழிந்தபின் அதனை மாற்ற வேண்டியதாயிற்று. பிறை பார்ப்போரும் நோன்மதி காப்போரும் அமாவாசை விரதம் இருப்போரும் செக்ரோலில் நாளெண்ணுவோரும் பலாபத்வலையைச் சூழ்ந்த இப்பகுதியில் ஒரே வானத்தின்கீழ் வாழ்கின்றனர். அவரவர் கிழமை அவரவர்க்கு உரியதாக, திங்கள் யாவர்க்கும் பொதுவாக நிற்றலே இச்சொல்லின் வரலாறு புகட்டும் நெறியாகும்.