புவியியல் கல்வியியல் முனைவர் படிப்பு

புவியியலை எப்படிக் கற்பிப்பது, மாணவர் அதை எப்படி உள்வாங்குகிறார் என்பவற்றை ஆராயும் முனைவர் பட்டப் படிப்பு. பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பேராசிரியர்கள், பாடத்திட்ட வல்லுநர்கள், கல்வி ஆய்வாளர்கள் ஆகியோரை உருவாக்குவது இதன் நோக்கம்.

அமெரிக்காவில் இதற்கு அறியப்பட்ட இடம், சான் மார்கோசில் உள்ள டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். அங்குப் புவியியல் துறை 1996-இல் முனைவர் படிப்பைத் தொடங்கியது; புவியியல் கல்வி அதன் பிரிவுகளுள் ஒன்று. நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத் தலைவராக இருந்த கில்பர்ட் எம். குரோவ்னர் பெயரிலான புவியியல் கல்வி மையமும் அங்கு உள்ளது.

பின்னணி: அமெரிக்காவில் 1984-இல் வெளியான புவியியல் கல்வி வழிகாட்டி நெறிகள் அமைவிடம், இடம், மனிதர்–சூழல் உறவு, நகர்வு, வட்டாரம் என ஐந்து கருப்பொருள்களை வகுத்தன. 1994-இல் புவியியலுக்கான தேசியத் தரநிலைகள் வந்தன. 2012-இல் அவை திருத்தப்பட்டன.

பயிற்சி முறை: பாடநெறிகள், தகுதித் தேர்வு, ஆய்வு முன்மொழிவு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு எனப் படிப்படியாக நடைபெறும்.

ஆய்வுமுறை: வெற்றுத்தாளில் உலக வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொல்வது எளிய உத்தி. ஆப்பிரிக்கா சுருங்கியும் ஐரோப்பா பெருத்தும் வந்தால், அந்தப் பிழையே மாணவர் மனத்தில் பதிந்துள்ள உலகைக் காட்டிக்கொடுக்கும்.